தரையில் படாத தூளி

என் பொண்ணு பேரு யோகிதா, டீச்சர். அப்படியே எழுதிக்கொள்ளுங்க. வேப்பமரத்தடியில் நிற்கிற வாலுங்க "பூகம்பம் வந்துட்டா, பூகம்பம் வந்துட்டா" என்று கத்தினதைக் கேட்டுவிட்டு, இவள் எதையாவது போட்டு உடைக்கிற பிள்ளை என்று நீங்க நினைச்சிடக் கூடாது. அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு முன்னால் இந்தப் பால்வாடியில் இருந்தவங்களுக்கு எல்லாம் தெரியும். நீங்க ஊருக்குப் புதுசு. பருப்பு வேக இன்னும் நேரம் இருக்கு இல்லையா, அதுக்குள்ள முடிச்சிடுவேன். அந்த முருங்கைக்கீரையை இப்படிக் கொடுங்க, உருவிக்கொண்டே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. எனக்குப் பயம் கிடையாது. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்க, மேகலாவா, அது சிரிச்ச முகமாச்சே என்பாங்க. அந்த வருஷம் ஊரே தெருவில் பாய் போட்டுப் படுத்தபோது, எங்க வீட்டில்தான் அடுப்பு ஒழுங்காக எரிந்தது.

இவள் அப்போது கைப்பிள்ளை. அந்த ஐப்பசியில் அடித்த மழைக்கு ஏரி நிரம்பிக் கோடி வழிந்து, ரோட்டில் நின்று மீன் பிடித்தோம். மழை விட்டு வெயில் வந்தது. வெயிலோடு அந்தச் சத்தமும் வந்தது. தொம் என்று ஒன்று. கல் குவாரியில் வெடி வைக்கிற மாதிரி. ஆனால் குவாரியை மூடி ரொம்ப வருஷம் ஆகிறது, அதில் தண்ணீர் நின்று பசங்க நீச்சல் அடிக்கிறாங்க. அதுவும் இல்லாமல், வெடி என்றால் காதுக்குத்தானே வரும்? இது காலுக்கு வந்தது. அடியிலிருந்து யாரோ உலக்கையால் இடித்த மாதிரி. அலமாரியில் டம்ளருங்க ஒன்றோடு ஒன்று மோதிக் கிணுகிணு என்றது. அது நின்ற பிறகு ஊரில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. அதுதான் எனக்கு... எனக்கு என்றால், மற்றவங்களுக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

அதற்கப்புறம் வந்துகொண்டே இருந்தது. துணி துவைக்கும்போது வரும், சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கும்போது வரும். இன்றைக்கு வரவில்லையே என்று நினைத்தால் அந்த நினைப்புக்காகவே காத்திருந்த மாதிரி வரும். எதிர்வீட்டுப் பச்சியம்மா அக்கா வீட்டுச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல், கை நுழைகிற அளவுக்கு. எங்க வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. அது அப்போதுதான் கட்டி முடித்த வீடு. எங்க வீட்டுக்காரர் மாதேஷ் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்து அனுப்ப அனுப்ப, நான் இங்கே வயிற்றுப் பிள்ளையோடு தண்ணீர் தூக்கிச் சுவருக்கு ஊற்றி ஊற்றி எழுப்பின வீடு. அதை விட்டுவிட்டுத் தெருவில் படுக்கச் சொன்னால் படுப்பேனா? நான் உள்ளேதான் படுத்தேன். கட்டிலை மட்டும் கதவுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். காற்றுக்காக.

ஊர்க்காரங்க கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாங்க. அப்புறம்தான் ஆராய்ச்சிக்காரங்க வந்தாங்க. சாருலதா மேடம் பெரியவங்க, அவங்களோடு மிஷினைப் பார்த்துக்கொள்கிற ஜெரோம் சார். சுத்துப்பட்டு ஊர்களில் அங்கங்கே மிஷின் வைத்தாங்க. எங்க ஊரில் வைக்க, பாறைமேல் கட்டின அறை வேண்டும், ஆள் நடமாட்டம் இல்லாத அறை வேண்டும் என்று தேடினாங்க. எங்க கொல்லையில் பழைய மோட்டார் ரூம் ஒன்று இருக்கிறது. போர் போட்டபிறகு சும்மா கிடந்தது. கல் சுவர், கற்பலகைக் கூரை, அஸ்திவாரமே பாறை. அதைப் பார்த்ததும் மேடம் முகம் மலர்ந்துவிட்டது. ரூம் நடுவில் பாறை தெரிகிறவரை குழி எடுத்து, பிரஷர் குக்கர் மாதிரி ஒன்றை அதில் இறக்கி மூடினாங்க. கூரைமேல் சோலார் தகடு, மூலையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் சிம் கார்டு. அது பாட்டுக்கு அவங்க ஆபீசுக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்குமாம்.

இத்தனூண்டு குக்கருக்கு என்ன தெரியும் மேடம் என்று கேட்டேன். அவங்க கோபப்படாமல் சொன்னாங்க. பூமி எங்கே நடுங்கினாலும் அந்த நடுக்கம் அலையாகக் கிளம்பி வருமாம். கடலுக்கு அந்தப் பக்கம் நடுங்கினால்கூட, பூமியின் வயிற்றுக்குள் புகுந்து எங்க மோட்டார் ரூமுக்கு வந்து சேருமாம். வருகிற வழியில் கெட்டியான இடம் இருந்தால் வேகமாக ஓடுமாம். உருகித் தண்ணீராக இருக்கிற இடத்தில் ஒரு வகை அலை போக முடியாமல் நின்றே போய்விடுமாம். எது வந்தது, எது வரவில்லை, எது முந்தியது என்று பார்த்துப் பார்த்துத்தான் பூமிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தார்களாம். யாரும் அவ்வளவு ஆழம் தோண்டிப் பார்க்கவில்லையாம்.

"தேங்காயக் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாக்கற மாதிரியா மேடம்?" என்றேன்.

"அதேதான் மேகலா. உடைக்காம உள்ள இருக்கறது தெரியணும்னா, ஆட்டம்தான் ஒரே வழி" என்றாங்க. அன்றையிலிருந்து என்மேல் ஒரு பிரியம் அவங்களுக்கு. மிஷினைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பையும் என்னிடமே கொடுத்தாங்க. சோலார் தகட்டைத் துடைக்கணும், ஆள் அண்டவிடக் கூடாது. முக்கியமாக ஒன்று சொன்னாங்க: ஆட்டுக்குட்டி நடந்தாலும் மிஷினுக்குத் தெரியும், தரையில் எதுவும் படக் கூடாது.

பொறுப்பு என்று வாங்கிக்கொண்டால் நான் எப்படிப் பார்ப்பேன் தெரியுமா டீச்சர்? பச்சியம்மா அக்கா ஆட்டை அந்தப் பக்கமே விடவில்லை, அதற்காக அவங்க என்னோடு பேச்சை நிறுத்தினாங்க. எங்க வீட்டுக்காரர் ஊருக்கு வந்தால் வண்டியைப் புளியமரத்திலேயே ஆஃப் பண்ணித் தள்ளிக்கொண்டுதான் வரணும். மாரியம்மன் கோயில் பம்பை மேளக்காரங்க எங்க கொல்லை வழியாகக் குறுக்கே போகப் பார்த்தாங்க, அவங்களையும் சுற்றி அனுப்பிவிட்டேன். கலெக்டர் வந்திருந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்லியிருப்பேன்.

இப்போது பாப்பாவுக்கு வருகிறேன். எங்க வீடு புது காங்கிரீட், மத்தியானத்தில் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். மோட்டார் ரூமோ கல் கட்டடம், குளுகுளு என்று இருக்கும். அப்புறம், பெரிசாக ஏதாவது வருவதாக இருந்தால் மிஷினுக்கு முன்னாடியே தெரியாதா, அது ஒரு சத்தமாவது கொடுக்காதா என்றும் ஒரு நினைப்பு. அது சும்மா ஒரு பேச்சுக்கு. குளிர்ச்சிக்காகத்தான் போனேன்.

அந்த ரூமில் மோட்டாரைத் தூக்கி இறக்கச் சுவருக்குச் சுவர் ஒரு இரும்பு கர்டர் போட்டிருக்கிறது. அதில் என் பழைய நூல் புடவையைத் தூளியாகக் கட்டினேன். நல்ல உயரத்தில். உள்ளே நடக்கக்கூட மாட்டேன். பூனை மாதிரி போய்ப் பிள்ளையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன். தூளியில் ஒரு நீளக் கயிறு கட்டி, வாசற்படிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இழுப்பேன். மேடம் சொன்னது சொன்னபடி, தரையில் ஒரு துரும்பு படவில்லை. இந்தப் பிள்ளையிடம் ஒரு நல்ல குணம் டீச்சர், தூளியில் போட்டு ரெண்டு ஆட்டு ஆட்டினால் தூங்கிவிடுவாள். மேடம் வருகிற நாளில் மட்டும் தூளியை அவிழ்த்து மடித்து வைத்துவிடுவேன். அவங்க ரூமில் நான் குடித்தனம் நடத்துகிறேன் என்று நினைத்துவிடக் கூடாது பாருங்க. ஒரு மரியாதைதான்.

கொஞ்ச நாளில் மேடத்திடமிருந்து போன். ஊரில் மத்தியானத்தில் ஏதாவது புதுசாக நடக்கிறதா என்று கேட்டாங்க. ஒன்றும் இல்லையே என்றேன். மோட்டார், கிரைண்டர், ரைஸ்மில், எதுவும்? எதுவும் இல்லை மேடம், ஒரு ஆடுகூட இல்லை என்றேன். அப்புறம் நேரில் வந்து ஜெரோம் சாரோடு ரூமையும் மிஷினையும் புரட்டிப் பார்த்தாங்க. அவங்க இருந்த நாளில் ஒன்றும் வரவில்லை. "நாம வந்தா ஒளிஞ்சுக்குது மேடம்" என்று ஜெரோம் சார் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

எனக்கு விஷயத்தைச் சொன்னாங்க. தொம் என்று வருகிறது பார், அது எல்லா ஊர் மிஷினிலும் வருகிறது, அதைப் பற்றி அவங்களுக்குத் தெரியும். மழைத்தண்ணீர் பாறை இடுக்கில் இறங்குவதால் வருகிற சின்ன நடுக்கம், தானாக அடங்கிவிடும். ஆனால் மத்தியானமானால் இன்னொன்று வருகிறது. வெட்டென்று இல்லாமல் மெதுவாக, மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்குகிற அலை. மற்ற எந்த ஊரிலும் இல்லை. எங்க மோட்டார் ரூமுக்கு அடியில் மட்டும். அது என்ன என்று தெரியவில்லை.

ஜீப் டிரைவர் டீக்கடையில் சொல்லிவிட்டார் போல. அவ்வளவுதான், மேகலா கொல்லைக்கு அடியில் ஏதோ மூச்சு விடுகிறதாம் என்று ஊரெல்லாம் பேச்சு. தண்ணீர்க் குழாயில் நான் குடம் வைத்தால் மற்றவங்க குடத்தை நகர்த்திக்கொண்டாங்க. "மிஷினா வெச்சா? கீழ இருக்கறதுக்கு வெத்தல பாக்கு வெச்சுல்ல கூப்பிட்டா" என்று பச்சியம்மா அக்கா என் காதுபடச் சொன்னாங்க. நான் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கி வந்துவிட்டேன்.

ஊருக்கு வந்திருந்த எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் என் சிரிப்பு பிடிக்கவில்லை. பெங்களூருக்குப் போய்விடலாம், வீடு போனால் போகிறது என்றார். வீடு போனால் போகிறதா, எப்படிங்க வாய் வருது என்றேன். பேச்சு முற்றியது. கடைசியில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஒன்று சொன்னார்: "நான் போய் ஒரு ரூம் பாத்துட்டு வரேன். நீ வரலேன்னா இரு. எம்புள்ளைய நான் இங்க விடமாட்டேன்." பஸ் ஏறிப் போய்விட்டார். அன்றைக்கும் நான் பாட்டுக்குப் பிள்ளையைத் தூளியில் போட்டேன், வேலையைப் பார்த்தேன். அழவெல்லாம் இல்லை.

அவர் போன சில நாளில் பெரிய தொம் ஒன்று வந்தது. அதுவரை வந்ததையெல்லாம் ஒன்றாகக் கட்டிப் போட்ட மாதிரி. பள்ளிக்கூடக் காம்பவுண்டு சுவர் படுத்தது. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை. மறுநாளே தாசில்தார் வந்துவிட்டார். ஊரைக் காலி பண்ணி டவுன் கல்யாண மண்டபத்துக்குப் போகணும், அப்புறம் வேறு இடத்தில் மனை கொடுப்பாங்க என்றார். மேடத்தைக் கேட்டார். மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாங்க: தொம்முக்காக ஊரைக் காலி பண்ணத் தேவையில்லை, விரிசல் வீடுகளை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் அந்த மத்தியான அலை என்னவென்று தெரியாமல், இவங்களை இங்கேயே இருங்க என்று சொல்ல என் மனசு ஒப்பவில்லை. எனக்கு இன்னும் ஒரு மத்தியானம் கொடுங்க, நானே இங்கே உட்கார்ந்து பார்க்கிறேன் என்றாங்க.

ஒரு மத்தியானம். அது தெரியவில்லை என்றால் எங்க வீடு எங்களுக்கு இல்லை. அந்த வெள்ளையடித்த சுவர், நான் தண்ணீர் ஊற்றின சுவர், பூட்டுப் போட்டுவிட்டு நடக்கணும்.

அந்த நாளை நினைத்தால்... இல்லை, பயம் இல்லை, அலைச்சல். தெரு பூராவும் டிராக்டர், மினி லாரி. கட்டில், பீரோ, கோழிக்கூடை எல்லாம் ஏறிக்கொண்டிருந்தது. எங்க வீட்டுக்காரரும் வந்துவிட்டார், என்னோடு பேசாமல் எங்க கட்டிலைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். மேடமும் ஜெரோம் சாரும் புளியமரத்தடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கோடு கோடாக ஓடுகிறதையே பார்த்துக்கொண்டிருந்தாங்க. பக்கத்தில் தாசில்தார். உச்சி வெயில் ஏறியது. கோடு நேராகவே ஓடியது.

பாப்பாவுக்கு அந்தப் புழுக்கம் தாங்கவில்லை, ஒரே அழுகை. வீட்டுக்குள்ளே உட்கார இடம் இல்லை, எல்லாம் மூட்டை. மேடம் வந்திருக்கிற நாள்தான். ஆனால் அன்றைக்கு மரியாதை பார்க்கிற நிலைமையா? கொல்லைக்குத் தூக்கிப்போய்த் தூளியைக் கட்டினேன். பிள்ளையைப் போட்டேன். வெளியே வந்து உட்கார்ந்து கயிற்றை இழுத்தேன்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், தெருப் பக்கம் ஜெரோம் சார் குரல் கேட்டது: "மேடம், வந்துடுச்சு."

அப்படியே கூச்சல். டிராக்டரை ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம், பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். நான் எழுந்து பார்க்கிறேன், மேடம் செருப்பு இல்லாமல் முள்ளில் ஓடி வராங்க, அவங்களுக்குப் பின்னால் எங்க வீட்டுக்காரர். "மேகலா, புள்ளயத் தூக்கிட்டு வெளிய வா" என்று மேடம் கத்தினாங்க. கயிறு கையிலிருந்து நழுவிவிட்டது. காலுக்கு அடியில் ஒன்றும் தெரியவில்லை டீச்சர், அதுதான் கொடுமை. வரப்போகிறது வரப்போகிறது என்று உள்ளங்கால் பார்த்துக்கொண்டே இருக்கிறது, ஒன்றும் வரவில்லை.

என்ன பார்க்கிறீங்க? அட, இலையோடு காம்பையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறேனா. இருங்க, எடுத்துவிடுகிறேன்.

மேடம் வாசற்படிக்கு வந்ததும் நின்றுவிட்டாங்க. உள்ளே தூளி தானாக ஆடி ஆடி அடங்கிக்கொண்டிருந்தது. அவங்க காதில் போன். அதில் ஜெரோம் சார் சொல்வது எனக்கே கேட்டது: குறையுது மேடம், குறையுது, நின்னுடுச்சு. மேடம் ஒரு கையை நீட்டி எங்க வீட்டுக்காரரைத் தடுத்தாங்க. கீழே கிடந்த கயிற்றைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க.

"ஆட்டு" என்றாங்க, மெதுவாக.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆட்டினேன். ஏறுது மேடம் என்றது போன். நிறுத்து என்றாங்க. நிறுத்தினேன். இறங்குது மேடம். மறுபடியும் ஆட்டச் சொன்னாங்க. மறுபடியும் ஏறியது. மேடம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாங்க.

"தரையில எதுவும் படக் கூடாதுன்னு சொன்னேனேம்மா."

"படலையே மேடம். பாருங்க, எவ்வளவு ஒசரம்."

அவங்க விரலை நீட்டிக் காற்றில் ஒரு கோடு போட்டாங்க. தூளியிலிருந்து கர்டருக்கு, கர்டரிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து பாறைக்கு, பாறையிலிருந்து குக்கருக்கு.

நீங்களே சொல்லுங்க டீச்சர், ஒரு கைப்பிள்ளை தூளியில் ஆடினால் பாறை அசையுமா? நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மிஷின் அவ்வளவு தொட்டாச்சிணுங்கியாக இருந்தால் அது யார் தப்பு? சொன்னதைச் சொன்னபடி செய்தது ஒரு தப்பா?

தெருவுக்கு வந்து மேடம் தாசில்தாரிடம், அந்த அலை பூமியிலிருந்து வரவில்லை, ஊர் இருக்கலாம் என்றாங்க. என் பேரைச் சொல்லவில்லை, பக்கத்தில் ஏதோ இடைஞ்சல் என்று மட்டும் சொன்னாங்க. என்ன இடைஞ்சல் என்று தாசில்தார் விடாமல் கேட்டார். ஜெரோம் சாருக்கு வாய் நிற்குமா? "தூளி சார். அந்தம்மா குழந்தையத் தூங்க வெச்சிருக்காங்க."

டிராக்டர் மட்டும் டபடப என்று ஓடிக்கொண்டிருந்தது. முதலில் சிரித்தது பச்சியம்மா அக்காதான். லாரிமேல் கோழிக்கூடையைப் பிடித்தபடி நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாங்க. அப்புறம் ஊரே. எங்க வீட்டுக்காரர் கட்டிலை அவிழ்க்க ஆரம்பித்தார், தலையைக் குனிந்துகொண்டு, தோள் மட்டும் குலுங்கியது. பச்சியம்மா அக்கா இறங்கி வந்து, பேச்சு நிறுத்தினதை மறந்து, இவள் கன்னத்தைக் கிள்ளி, "எங்களையெல்லாம் ஊர விட்டுத் தொரத்தப் பாத்த பூகம்பம் நீதானாடி" என்றாங்க. அன்றைக்கு ஒட்டின பேர். இதுதான் கதை.

தொம் தை மாசம்வரை வந்தது. அப்புறம் மெலிந்து மெலிந்து நின்றேபோனது. வீடு அப்படியே இருக்கிறது, வந்தால் பாருங்க.

மிஷினை எடுத்துப்போக வந்தபோது மேடம் ஒரு நீளத் தாளை மடித்துக் கொண்டுவந்தாங்க. பிள்ளை பெரியவளானதும் காட்டு என்றாங்க. பெட்டியில் வைத்திருக்கிறேன். முள் மாதிரி குத்திட்டு நிற்கிறதெல்லாம் தொம். கோலத்துக் கம்பி மாதிரி வளைந்து வளைந்து போகிறதெல்லாம் நம்ம தூளி. மேடம் விரல் வைத்துக் காட்டினாங்க. தொம் வராத நாளில் கம்பி இத்தனூண்டுதான் இருக்கிறது. தொம் வந்த நாளில் நெருக்கமாக, நீளமாக, போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் மட்டும் மத்தியானம் தொடங்கின கம்பி, விளக்கு வைக்கிறவரை நிற்கவே இல்லை. எங்க வீட்டுக்காரர் பஸ் ஏறிப் போன நாள் அது. மேடத்துக்கு அது தெரியாது.

"ஏன் மேகலா, அன்னைக்குப் பாப்பா தூங்க இவ்வளவு நேரமா ஆச்சு?" என்று கேட்டாங்க.

"ஆமா மேடம், அன்னைக்கு ஒரே அடம்" என்றேன்.

மேடம் தாளை மடித்து என்னிடம் கொடுத்தாங்க. என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டாங்க. படித்தவங்க, ஆனால் பிள்ளை குட்டி இல்லாதவங்க. தூளி ஆட்டுகிறதைப் பற்றி அவங்களுக்கு என்ன தெரியும்.

விசில் வந்துவிட்டது பாருங்க, கீரையைப் போட்டுவிடலாம். நான் கிளம்புகிறேன். மத்தியானம் இவளைத் தூங்க வைக்க நீங்க ஒன்றும் சிரமப்பட வேண்டாம் டீச்சர். முதுகில் ரெண்டு தட்டுத் தட்டினால் போதும். பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட இவள் தூங்க அடம் பிடித்ததே இல்லை.